பொருள்: ஜாகுவார் மார்க் 2 காருக்குத் தவறான தெர்மோஸ்டாட் அனுப்பியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என்னிடம் 1962ஆம் ஆண்டு ஜாகுவார் மார்க் 2 இருக்கிறது; 3.4 லிட்டர் எக்ஸ்கே இன்ஜின். அதிலிருந்த பழைய துருத்தி வகை தெர்மோஸ்டாட்டில் (இன்ஜின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஓட்டை விழுந்து, திறந்தபடியே நின்றுவிட்டது. வண்டி சூடேறவே மறுத்தது. உங்கள் கேட்லாக்கில் காரின் பெயரையும் இன்ஜினையும் தேர்வு செய்து, 'இந்த மாடலுக்குப் பொருந்தும்' என்று காட்டிய 74 டிகிரி தெர்மோஸ்டாட்டை வாங்கினேன்.

பொருந்தத்தான் செய்தது. இன்ஜினில் அதற்கான இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். 75 டிகிரியை ஒட்டித் திறந்தது. அந்த வகையில் உங்கள் சரக்கில் குறையில்லை. ஆனால் மாட்டிய பிறகு, சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றாலே வெப்பமானியின் முள் நூறு டிகிரியைத் தாண்டியது.

ரேடியேட்டரைக் கழுவினேன், மூடியை மாற்றினேன், இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்த்தேன். இரண்டு மாதம் இப்படியே போனது. புதிதாக வாங்கிய பாகத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, எனக்கும் வரவில்லை. கடைசியில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழையதில் ஒரு ஸ்லீவ், அதாவது குழல் போன்ற உறை, இருக்கிறது (என் மெக்கானிக் அதைப் 'பாவாடை' என்பார்). நீங்கள் அனுப்பியதில் அது இல்லை.

அந்த ஸ்லீவ் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல், பைபாஸ் என்ற குறுக்கு வழியாகவே பம்புக்குத் திரும்பிச் சுற்றுகிறது. சூடேறி வால்வு திறக்கும் அதே நேரத்தில் ஸ்லீவ் நகர்ந்து பைபாஸ் வாயை அடைக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும். ஸ்லீவ் இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே இன்ஜினுக்குள் திரும்பி வரும். விட்டத்தையும் டிகிரியையும் மட்டும் பார்த்துப் 'பொருந்தும்' என்று போட்டால் இதுதான் நடக்கும்.

இதை எழுதிக் கேட்டதற்கு உங்கள் ஊழியர் தந்த பதில் இன்னும் மோசம்: "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்." கழற்றினாலும் பைபாஸை அடைக்க எதுவும் இருக்காது, நிலைமை அப்படியேதான் இருக்கும். பைபாஸை நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. அடைத்தால் வால்வு திறக்கும்வரை தண்ணீர் ஓட்டமே இருக்காது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் ஆங்காங்கே சூடு தேங்கும். எக்ஸ்கேயின் ஹெட் அலுமினியம், அதன் கீழிருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. ஹெட் வளைந்தால் அந்தச் செலவை யார் ஏற்பது?

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, 'மாட்டிய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்றார்கள். மாட்டாமல் இதைக் கண்டுபிடிப்பது எப்படி? உங்கள் கேட்லாக் பக்கத்தில் இருந்ததோ மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படம். அதில் ஸ்லீவ் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே தெர்மோஸ்டாட்டின் விலையையும், இரண்டு முறை மாற்றிய கேஸ்கெட், வடித்துக் கொட்டிய கூலன்ட் ஆகியவற்றின் செலவையும் திருப்பித் தர வேண்டும். ஸ்லீவ் உள்ள சரியான பாகம் உங்களிடம் இருந்தால் அதை அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், வேறு இடத்தில் தேடிக்கொள்கிறேன். அதற்கு முன், கேட்லாக்கில் இந்தப் பாகத்துக்கு எதிரே இருக்கும் எக்ஸ்கே இன்ஜினின் பெயரை இன்றே எடுத்துவிடுங்கள். 14 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவேன்.

ரசீது நகலும், இரண்டு தெர்மோஸ்டாட்களையும் பக்கவாட்டில் எடுத்த படங்களும் இணைத்துள்ளேன். அளந்து பார்க்க வேண்டுமென்றால் பழையதை அனுப்பிவைக்கிறேன். ஆனால் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
மார்க் 2 உரிமையாளர்