குறுக்கே பேசும் தானியங்கிக் குரல்கள்: சேவை எண்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வாடிக்கையாளர் சேவை எண்களில் தமிழ்க் குரல் இயந்திரத்தை அமர்த்தியிருக்கும் நிர்வாகிகளுக்கும், அதை வடிவமைப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் இயந்திரத்துக்குத் தமிழ் ஓரளவு புரிகிறது. எப்போது வாய் திறப்பது என்பதுதான் புரியவில்லை. அழைத்தவர் மூச்சு வாங்க அரை நொடி நிறுத்தினாலே, முடித்துவிட்டார் என்று குறுக்கே பாய்கிறது.

மனிதர்கள் மௌனத்தை அளந்து பேசுவதில்லை. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக 0.2 நொடிதான் இருந்தது. ஒரு சொல்லைத் தேடி எடுக்கவே சுமார் 0.6 நொடி பிடிக்கும். ஆக, எதிரில் இருப்பவர் எங்கே முடிப்பார் என்று முன்பே கணித்துத்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால், தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழியில்தான் இடைவெளி மிகக் குறைவு. வினை கடைசியில் வருகிறதே, முடிவை எப்படி முன்பே கணிப்பது என்ற சாக்கு எடுபடாது.

எங்கே முடியும் என்பதைத் தமிழ் முன்கூட்டியே காதில் போட்டுவிடும். "பணம் கட்டிட்டு…", "ஓடிபி வரலன்னா…", "நேத்து போட்டேன், ஆனா…" என்று எச்சத்திலோ இணைப்புச் சொல்லிலோ நின்றால் பேச்சு பாக்கியிருக்கிறது. "வரலைங்க" என்று வினைமுற்றில் நின்றால் உங்கள் முறை. அப்போதும் கொஞ்சம் பொறுங்கள். "வரலைங்க… போன மாசத்துது" என்று வாலில் ஒரு துண்டை ஒட்டுவது நம் பேச்சு வழக்கம். "வந்துச்சா?" என்று கேட்டவரைக் காக்க வைப்பதோ வீண்.

இயந்திரம் காத்திருக்கும் நேரத்தை வினைமுற்றுக்குப் பின் 0.7 நொடி, எச்சத்துக்குப் பின் 1.5, எண் சொல்லும்போது 2 என்று வைத்துத் தொடங்குங்கள். பிறகு பதிவுகளைக் கேட்டுத் திருத்துங்கள். முக்கியமாக, பாதியில் துண்டிக்கப்பட்ட அழைப்புகளின் கடைசிப் பத்து நொடிகளை.

எண்கள்தான் பெரிய தலைவலி. கைபேசி எண்ணை ஐந்தைந்தாகப் பிரித்துச் சொல்பவர் முதல் ஐந்து முடிந்ததும் மறுமுனையில் ஒரு "ம்" எதிர்பார்ப்பார். வராவிட்டால் "ஹலோ, கேக்குதா?" என்பார், இயந்திரம் அதையும் எண்ணில் சேர்க்கப் பார்த்துக் குழம்பும், மறுபடி முதலிலிருந்து கேட்கும். பத்து இலக்கம் நிறையும்வரை வாங்கிக்கொள்ளட்டும், நடுவில் ஒரு "ம்" போடட்டும்.

அழைத்தவர் போடும் "ம்", "சரிங்க" குறுக்கீடு அல்ல. அதற்காகப் பேச்சை நிறுத்தி "மன்னிக்கவும், புரியவில்லை" என்பது அபத்தம். இயந்திரம் கேள்வி கேட்ட பிறகு வரும் "ம்" மட்டும் வேறு: அது சம்மதமாகவும் இருக்கலாம், யோசனையாகவும் இருக்கலாம். கணக்கை மூடுவது, பணம் அனுப்புவது போன்ற இடங்களில் அதை ஏற்காமல், "செய்யலாமா, வேண்டாமா?" என்று இன்னொரு முறை கேட்க வையுங்கள்.