கீழுதட்டைப் பற்றியும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாய்ப்புற்றுநோய் பற்றி உங்கள் பத்திரிகையில் எது வந்தாலும் வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு முடிந்துவிடுகிறது. அது பிழையில்லை, எங்கள் ஆட்களுக்கு முதல் எதிரி அதுதான். ஆனால் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்களின் கீழுதட்டைப் பற்றி ஒரு வரி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

என் மாமாவுக்கு நந்திக்கடலில் தொழில், முப்பது வருசத்துக்கு மேல். மேலே அடிக்கிற வெயில் போதாதென்று தண்ணீரில் பட்டுத் தெறிப்பதும் முகத்தில்தான். போன வருசம் அவருடைய கீழுதடு வறண்டு, செதில் செதிலாக உரிந்து, நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் உதட்டின் சிவப்பு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி அந்தக் கோடே அழிந்திருந்தது. நோவில்லை, அதனால் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டிவிட்டார். முதலில் காட்டிய இடத்திலும் வெடிப்பு என்று வாஸ்லின் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்! பிறகு இன்னொரு டொக்டர் சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்திய நிலை என்று வந்தது.

"நாங்கள் கறுப்பு, வெயில் என்ன செய்யும்?" என்று மாமாவே கேட்டார். தோலின் கருமை ஓரளவு காப்பாற்றுகிறது, வெள்ளைக்காரரைவிட எங்களுக்கு ஆபத்துக் குறைவு என்பதும் சரி. ஆனால் உதட்டின் சிவந்த பகுதியில் அந்த நிறமி குறைவு, மேற்படையும் மெல்லிசு, வெயில் நேரே விழுவதோ கீழுதட்டில்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள், அதனால் தேடி வாசித்தேன். புறஊதாக்கதிர் பரம்பரையலகின் எழுத்தை மாற்றும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். அதைவிட, எழுத்து அப்படியே இருக்க, எது வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற நொதியங்கள் இருக்கின்றன. டிஎன்எம்டி என்பவை டிஎன்ஏயில் மெதைல் கூட்டம் என்ற சின்ன இரசாயனத் துண்டை ஒட்டுகின்றன, அது பி16 போன்ற காவல் பரம்பரையலகின் தொடக்கத்தில் ஒட்டிவிட்டால் அந்தப் பரம்பரையலகு வாய் மூடிவிடும், கலம் கட்டுப்பாடில்லாமல் பெருக வழி திறந்துவிடும். இந்த நொதியங்களின் அளவு புற்றுநோயில் மட்டுமல்ல, அதற்கு முந்திய வெயில் திட்டிலேயே மாறியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பிரேசிலில் இதுபற்றி நிறைய ஆய்வு நடக்கிறது. இந்த மெதைல் ஒட்டுதலைக் குறைக்கிற அசாசைட்டிடின் என்ற மருந்தை எலும்பு மச்சை நோய்க்கு அமெரிக்கா 2004இல் அனுமதித்தது. உதட்டுக்கு அப்படியொன்று இன்னும் வரவில்லை. ஆக, எங்களுக்கு இப்போதைக்கு உள்ளது நேரத்தோடு காட்டுவதுதான்.

எல்லாத் திட்டும் புற்றுநோயாவதில்லை, யாரையும் பயமுறுத்த நான் எழுதவில்லை. ஆனால் இரண்டு மூன்று கிழமையில் ஆறாத உதட்டை, அதுவும் சுருட்டு பிடிக்கிறவர்கள், கட்டாயம் காட்ட வேண்டும். வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்கள் அகன்ற விளிம்புத் தொப்பி போடலாம், தலைப்பாகை உதட்டுக்கு நிழல் தராது.

அடுத்த முறை வாய்ப்புற்றுநோய் பற்றி எழுதும்போது கீழுதட்டின் படம் ஒன்றும் போடுங்கள் ஐயா. முகம் தெரியாமல் தன்னுடையதை எடுக்கலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, முல்லைத்தீவு