ஷெல்ஃபில் வைத்தால் வேலை முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் (கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று சேமித்துவைப்பவை) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவற்றில் ஒன்றான கிட் (Git) பற்றிய பகுதியில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இன்னொன்றான பெர்ஃபோர்ஸுக்கு (Perforce) வந்ததும், மாற்றங்களை ஷெல்வ் செய்துவிட்டால் (ஷெல்ஃப் என்ற தனி இடத்தில் தற்காலிகமாக எடுத்துவைத்தால்) அவை சர்வரில் சேர்ந்துவிடும், அத்தோடு வேலை முடிந்தது என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். சர்வருக்குப் போய்விடும் என்பது சரி. வேலை முடிந்தது என்பதுதான் தப்பு. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இதையே நம்பிக்கொண்டு வருவதால் எழுதுகிறேன்.

நான் சென்னையில் ஒரு கேம் நிறுவனத்தில் பில்டு வேலை, அதாவது எல்லோருடைய கோப்புகளையும் சேர்த்து ஓடக்கூடிய கேமாக்கும் வேலை, பார்க்கிறேன். யார் எதைச் சப்மிட் செய்தாலும் (எல்லோருக்கும் பொதுவான கோப்புத் தொகுப்பில் நிரந்தரமாகச் சேர்த்தாலும்) கடைசியில் என் தலையில் வந்து விடியும் வேலை அது. கேம் துறையில் பெர்ஃபோர்ஸ் இன்னும் கொடிகட்டிப் பறப்பதற்குக் காரணம் படம், ஒலி போன்ற பெரிய பைனரி கோப்புகள். 1995-இல் தொடங்கிய நிறுவனம் என்பதால் பழசு என்று நினைக்க வேண்டாம்.

ஷெல்வ் செய்த கோப்பு, அதன் சேஞ்ச்லிஸ்ட் (ஒன்றாகச் சேர்த்த மாற்றங்களின் பட்டியல்) எண்ணின் பெயரில் சர்வரில் தனியாக இருக்கும். கூட வேலை செய்பவர் அதைப் பார்க்கலாம், தன் வொர்க்ஸ்பேஸில் (தன் கணினியில் உள்ள வேலைப் பகுதியில்) இறக்கிச் சோதிக்கலாம். ஆனால் அதற்கு ரிவிஷன் எண், அதாவது பதிப்பு எண், கிடையாது. காலையில் மற்றவர்கள் ஸிங்க் செய்தால் (புதிய பதிப்புகளை இறக்கினால்) வராது. ராத்திரி ஓடும் பில்டிலும் இருக்காது. "நேற்றே போட்டுட்டேனே அக்கா" என்று யாராவது என் மேஜைக்கு வந்து நின்றால், பெரும்பாலும் அது ஷெல்ஃபில்தான் இருக்கும். கட்டுரையாளர் இதைக் கிட்டில் மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் ஸ்டாஷோடு ஒப்பிட்டிருக்கிறார். ஸ்டாஷ் அவரவர் கணினியில் கிடப்பது. டிஸ்க் போனால் அதுவும் போச்சு. ஷெல்ஃப் சர்வரில் இருப்பதால் அந்தப் பயம் இல்லை. மாற்றத்தை இன்னொருவர் சரிபார்ப்பதற்கான பெர்ஃபோர்ஸின் சொந்த ரிவ்யூ கருவியான ஸ்வார்ம் (இப்போது P4 Code Review) ஓடுவதே ஷெல்ஃபை நம்பித்தான்.

சரி, ஷெல்ஃபில் இருப்பதை எப்படிச் சப்மிட் செய்வது? பலர் செய்வது இதுதான். மாற்றுவதற்காகத் திறந்திருக்கும் கோப்பை அப்படியே சப்மிட் கொடுப்பார்கள். இந்தச் சேஞ்ச்லிஸ்டில் ஷெல்வ் செய்த கோப்புகள் இருக்கின்றன, முடியாது என்று சர்வர் மறுக்கும். உடனே ஷெல்ஃபை அழித்துவிட்டு மறுபடி சப்மிட் கொடுப்பார்கள். இதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும். ரிவ்யூவில் ஒப்புதல் கிடைத்தது ஷெல்ஃபில் இருந்த கோப்புக்கு. உள்ளே போவதோ அவர் கணினியில் அந்த நிமிஷம் எது இருக்கிறதோ அது. எங்களிடம் ஒரு தம்பி ஒப்புதல் வாங்கிய பிறகு, எதையோ சோதிக்க ஒரு வரி சேர்த்தார். திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்டும் வரி. அது வாடிக்கையாளருக்குப் போன பில்டில் ஜம்மென்று ஓடியது. ரிவ்யூ செய்தவர், நான் பார்த்ததில் அது இல்லவே இல்லை என்றார். அவர் சொன்னது உண்மை, ஆனால் ஒப்பிட்டுக் காட்ட ஷெல்ஃப் இல்லையே!

இதற்கு நேர்வழி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. சப்மிட் கட்டளையோடு சிறுகோடு போட்டு ‘ஈ’ (e) என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தையும், ஷெல்வ் செய்த சேஞ்ச்லிஸ்ட் எண்ணையும் கொடுத்தால் போதும் (p4 submit -e எண்). ஷெல்ஃபில் இருப்பதே அப்படியே சப்மிட் ஆகும். உங்கள் கணினியிலிருந்து ஒரு கோப்புகூடப் போகாது, வொர்க்ஸ்பேஸிலும் எதுவும் மாறாது. முடிந்ததும் ஷெல்ஃபைச் சர்வரே துடைத்துவிடும். தென்காசிப் பக்கம் வீட்டிலிருந்து வேலை செய்யும் எங்கள் ஆர்டிஸ்ட் ஒருவர், பெரிய டெக்ஸ்சர் (கேமில் பரப்புகளின் மேல் ஒட்டும் படம்) கோப்புகளை ராத்திரி ஷெல்வ் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். ரிவ்யூ முடிந்ததும் ஒரே வரிக் கட்டளை, நொடியில் வேலை தீர்ந்தது. ஊர் இணைப்பில் அதே கோப்புகளை இரண்டாவது தடவை ஏற்றுவதென்றால் பாதி நாள் போய்விடும்.

நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. சேஞ்ச்லிஸ்ட் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். டீம் லீட் ஆனாலும் அடுத்தவருடையதை இப்படிச் சப்மிட் செய்ய முடியாது. அந்த எண்ணில் எந்த வொர்க்ஸ்பேஸிலும் கோப்பு திறந்திருக்கக் கூடாது, அதனால் முதலில் ரிவர்ட் செய்ய (திறந்த கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்ப) வேண்டும். ரிவர்ட் செய்தால் ஷெல்ஃப் போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள்; போகாது. ஸ்ட்ரீம் (திட்டத்தின் தனிக் கிளை) வைத்து வேலை செய்பவர்கள் அதே ஸ்ட்ரீமின் வொர்க்ஸ்பேஸிலிருந்து கொடுக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, இடையில் வேறு யாராவது அதே கோப்பைச் சப்மிட் செய்திருந்தால் சர்வர் ஏற்காது. இறக்கி, ரிசால்வ் செய்து (இரண்டு மாற்றங்களையும் ஒத்துப்போகச் செய்து), மறுபடி ஷெல்வ் போட்டுத்தான் வர வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மாறிய கோப்பை மறுபடி ஒருவர் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒருவர் மட்டுமே திறக்கும்படி பூட்டு வைத்த பைனரி கோப்புகளில் கூடுதல் கவனம் தேவை. ரிவர்ட் செய்ததும் பூட்டு விலகிவிடும், அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்புகளுக்கு ரிவர்டும் சப்மிட்டும் அடுத்தடுத்து நடக்கட்டும்.

கட்டுரையாளர் அடுத்த வாரம் இதன் தொடர்ச்சியை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியைத் திருத்தி, இந்தக் கட்டளையையும் சேர்த்துப் போட்டால் நல்லது. இன்னொன்றும் சேர்க்கலாம்: சப்மிட் ஆகும்போது சேஞ்ச்லிஸ்ட் எண் மாறக்கூடும், புது எண்ணைச் சர்வர் கடைசி வரியில் சொல்லும். பக் டிக்கெட்டில் (பிழைப் பதிவில்) அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள், பழைய ஷெல்ஃப் எண்ணை அல்ல.

இப்படிக்கு,
ஒரு பில்டு பொறியாளர்,
பள்ளிக்கரணை, சென்னை.