ஸ்டூல் வந்துவிட்டது, உட்காரத்தான் முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டிகைக் கால ஜவுளி விற்பனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூட்டம், தள்ளுபடி, புது ரகங்கள் எல்லாம் இருந்தன. காலையிலிருந்து ராத்திரி வரை துணியைப் பிரித்துக் காட்டி மடித்து வைக்கிற பெண்களைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆவணியில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் திருநெல்வேலியில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். எங்களுக்குத் துணி காட்டிய பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். நாற்பது புடவையாவது இறக்கிப் போட்டிருப்பாள். நாங்கள் ஐந்து பேரும் எதை எடுப்பது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்தாள். அதன் மேல் ஜாக்கெட் துணிக்கட்டு இருந்தது. கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செருப்பில்லாத ஒரு காலால் இன்னொரு காலின் ஆடுசதையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் வேறொரு குடும்பம் வந்தது. அதிலிருந்த அம்மா, "ஆளு வந்து நிக்கோம், இவ பாட்டுக்கு உக்காந்திருக்கா பாருங்க" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். சூப்பர்வைசர் சத்தமே போடவில்லை, ஒரு விரலை ஆட்டி அவளைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். திரும்பி வந்தவள் கண்ணெல்லாம் சிவந்திருக்க, நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். நானும் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

இது என்னை விடாமல் உறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் 31 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவள். அத்தனை வருஷமும் கவுன்ட்டருக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். "மரியாதை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்" என்று ஒருவர்கூட என் மேல் புகார் சொன்னதில்லை. அதே ஜவுளிக்கடையில் கல்லாவில் முதலாளி உட்கார்ந்துதான் பணம் வாங்குகிறார், அதையும் யாரும் குறை சொல்வதில்லை. புடவையைப் பிரித்துப் போடுகிற பெண் உட்கார்ந்தால் மட்டும் அது திமிர், சோம்பேறித்தனம், வளர்ப்பு சரியில்லை! ஒரே செயல்தான், ஆனால் செய்கிறவருடைய சம்பளத்தையும் இடத்தையும் பார்த்துத்தான் நாம் அதற்குப் பெயர் வைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தால் நிற்க வைப்பார்கள், நின்றால் அது தண்டனை என்று நமக்கு அந்த வயதிலேயே தெரியும்.

இது நம் வழக்கமும் இல்லை. என் அம்மா காலத்தில் புடவைக் கடையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை இருக்கும். கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து விரிப்பார், எதிரே நாங்களும் உட்கார்ந்து பார்ப்போம். யாருடைய மரியாதையும் குறைந்துபோகவில்லை. கண்ணாடி அலமாரியும் உயரமான மேசையும் வந்த பிறகுதான் விற்கிறவர் நின்றே ஆகவேண்டும் என்று ஆனது.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழக அரசு சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்களால் உட்கார முடிய வேண்டும், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது என்பதுதான் அதன் சாரம். கேரளத்தில் 2018-லேயே செய்துவிட்டார்கள். அங்கே அது தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்மணி, "பெண்கூட்டு" என்று ஓர் அமைப்பைக் கட்டிக் கடைப் பெண்களைத் திரட்டினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. போக இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள். அப்புறம்தான் உட்காரும் உரிமைக்குப் போராடினார்கள். இங்கிலாந்தில் 1899-லேயே கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நாம் அதற்கு நூற்றிருபது வருஷம் பிந்தி வந்தோம், பரவாயில்லை, வந்துவிட்டோம். ஆனால் நான் பார்த்த கடையில் அந்த ஸ்டூல் துணிக்கட்டு வைக்கத்தான் உதவுகிறது.

மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு ஜாக்கெட் பிட்டோடு மறுவாரம் நான் மட்டும் போனேன். கூட்டமில்லாத மதிய நேரம். அந்தப் பெண்ணிடம், "ஏம்மா, உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டேன். "அப்படி யாரும் சொல்லலம்மா. ஆனா உக்காந்தா கேமராவுல பாத்துட்டு கூப்பிட்டு விடுவாங்க" என்றாள். காலைக் காட்டச் சொன்னேன், தயங்கித் தயங்கிச் சுடிதாரைக் கொஞ்சம் தூக்கினாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகச் சுருட்டிக்கொண்டு நின்றது. நடக்கும்போது ஆடுசதை அழுத்திக் கொடுப்பதால்தான் ரத்தம் மேலே ஏறுகிறது, ஒரே இடத்தில் நின்றால் காலிலேயே தேங்கி நரம்பு புடைத்துவிடும் என்று என் காலைப் பார்த்த டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது வந்தது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல்.

முதலாளிகள் பக்கத்தையும் கேட்டேன். எங்கள் சொந்தத்தில் ஒருவர் சின்னதாக ரெடிமேட் கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு வைத்திருப்பவர். "உக்காந்திருந்தா கடையில கவனிப்பு இல்லைன்னு கஸ்டமர் நினைச்சிருவாங்கக்கா. அடுத்த கடைக்குப் போயிட்டா நஷ்டம் எனக்குத்தானே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நம் முகத்தைப் பார்த்துத்தான் அவர் கணக்குப் போடுகிறார். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் எழுதப்பட்டிருக்கிறது. போகிற வாடிக்கையாளர் அவர் கண்ணுக்குத் தெரிகிறார். கால் வலி தாங்காமல் ஆறே மாதத்தில் ஊருக்குப் போய்விடுகிற பெண்ணும், அவளுக்குப் பதில் வருகிறவளுக்கு ரகமும் விலையும் பழகுகிற வரை கெடுகிற வியாபாரமும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. வைத்தியச் செலவு அந்தப் பெண்ணின் வீட்டுக் கணக்கில் போய்விடுகிறது, அது கடைக்கு மிச்சம். பளிங்குத் தரைக்கும் தொங்குகிற விளக்குக்கும் கோடிக்கணக்கில் போடுகிறவர்களுக்குச் சில நூறு ரூபாய் ஸ்டூல் பாரமா என்ன? எல்லாக் கடையிலும் ஊழியர்கள் உட்காருகிறார்கள் என்று ஆகிவிட்டால் யாரும் யாரிடமும் வாடிக்கையாளரை இழக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஆல்டி கடைகளில் பில் போடுகிறவர்கள் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்கள், அந்த நிறுவனம் பல நாடுகளில் கிளை பரப்பித்தான் நிற்கிறது.

தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் போனால் ஸ்டூல் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு வராமல், கூட்டமில்லாத மதியத்தில் எத்தனை பேர் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கேமரா பதிவு இருக்கிறதே, அதையே கேட்டு வாங்கிப் பார்க்கலாம். வாசகர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சுலபமானது. அடுத்த முறை துணி எடுக்கும்போது நீங்கள் யோசிக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் "நீ உக்காரும்மா" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அன்று நான் அப்படித்தான் சொன்னேன், ஒரு வாரம் பிந்தி. அவள் முதலில் மேலே கேமராவைப் பார்த்தாள். பிறகு துணிக்கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாளையங்கோட்டை