ஓவினோ உஹுருவின் மண் யார் பொறுப்பு?

கென்யாவின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மை ஆணையத்தின் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் நாட்டுக் குடிமகள் இல்லை. உங்களிடம் மனுக் கொடுக்கும் உரிமையும் எனக்குக் கிடையாது. ஆனால் பழைய ஈய பேட்டரிகளை உருக்கும் ஆலையை எதிர்த்துப் போராடிய உங்கள் நாட்டுப் பெண் பிலிஸ் ஒமிடோவைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவரைப் பாராட்டி எழுதுவதைவிட உங்களிடம் சில கேள்விகள் கேட்பதுதான் முக்கியம் என்று பட்டது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரிலும் தெருவில் ஓடும் ஆட்டோவிலும் இருப்பது அதே ஈய பேட்டரிதான். அதனால் இந்தக் கடிதத்தைத் தமிழ் வாசகர்களும் படிக்கட்டும்.

கென்யாவின் கடற்கரை நகரமான மொம்பாசாவில் சுமார் 3,000 பேர் வாழும் ஓவினோ உஹுரு குடியிருப்பை ஒட்டி, 2007-இல் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை வந்தது. பேட்டரியை உடைத்து, அமிலத்தை வடித்து, தகடுகளை உலையில் போட்டு உருக்குவார்கள். புகை வீட்டுக் கூரைகள் மேல் படியும். கழிவு நீர் மக்கள் புழங்கும் ஓடையில் கலக்கும். கூரையில் விழுந்த மழைநீரைப் பிடித்து வைத்துக் குடித்த குடும்பங்கள் அங்கே இருந்தன.

2009-இல் அந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார் ஒமிடோ. ஆலையால் சுற்றுப்புறத்துக்கு என்ன பாதிப்பு என்று அறிக்கை தயாரிக்க ஏற்பாடு செய்வது அவருக்குக் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று. குடியிருப்புக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு ஆலை இருக்கக் கூடாது என்று முடிவு வந்தது. அதை அவர் நிர்வாகத்திடம் சொன்னார். நிர்வாகம் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றியது. அப்புறம் அவருடைய கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. காய்ச்சலுக்கு என்னென்னவோ வைத்தியம் பார்த்தும் குணமாகவில்லை. கடைசியில் ரத்தத்தைச் சோதித்தபோது ஈயம் இருந்தது. தாய்ப்பால் வழியாகவே குழந்தைக்குப் போயிருந்தது.

பல பேர் இந்த இடத்தில் வேலையை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்துகொண்டு போயிருப்பார்கள். அப்படிப் போனால் யாரும் குறை சொல்லவும் முடியாது. ஒமிடோ வேலையை மட்டும் விட்டார். அந்தக் குடியிருப்பின் மற்ற குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்தார். அவர்கள் ரத்தத்திலும் ஈயம் அதிகமாக இருந்தது. மக்களைத் திரட்டினார், அதிகாரிகளுக்கு மனு மேல் மனு எழுதினார், அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 2012-இல் ஊர்வலம் நடத்தியதற்காகக் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு ஆயுதம் வைத்திருந்தவர்கள் வீட்டு வாசலிலேயே அவரைத் தாக்கினார்கள். ஆலை மூடப்பட்டது 2014 ஜனவரியில்.

உங்களிடம் என் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆலைக்கு அனுமதி தருவதற்கு முன் ஆய்வு நடக்கிறதா என்று பார்ப்பது உங்கள் ஆணையத்தின் வேலை. புகை எங்கே போகிறது, கழிவு நீர் எங்கே கலக்கிறது என்று கண்காணிப்பதும் உங்கள் வேலை. அதற்குத்தான் ஆய்வாளர்களும் சட்டமும் இருக்கின்றன. அந்த வேலையைச் சம்பளமில்லாமல், கைக்குழந்தையோடு தனியாக இருந்த ஒரு தாய் செய்தார். உங்கள் அரசியல் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சுத்தமான சுற்றுச்சூழலை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அந்த உரிமைக்காக வழக்குப் போடுகிறவர் தனக்கு நஷ்டம் ஏற்பட்டதென்று நிரூபிக்கத் தேவையில்லை என்று 70-ஆம் பிரிவு சொல்கிறது. எவ்வளவு நல்ல சட்டம்! பல நாடுகளில் இப்படி ஒரு வரி கிடையாது. அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒமிடோவும் மக்களும் நீதிமன்றம் போனார்கள்.

2020 ஜூலையில் மொம்பாசா சுற்றுச்சூழல் மற்றும் நில நீதிமன்றம் 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு தரச் சொன்னது. மண்ணையும் நீரையும் சுத்தம் செய்யவும் உத்தரவிட்டது. பொறுப்பில் 40 சதவீதத்தை உங்கள் ஆணையத்தின் மேல் வைத்தது. ஆலைக்கு விதித்த பங்கைவிட அது அதிகம். அதை ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குவதற்குப் பதிலாக நீங்கள் மேல்முறையீட்டுக்குப் போனீர்கள். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இழப்பீடு ரத்தானது. 2024 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, இழப்பீட்டை மீண்டும் உறுதி செய்தது. வழக்காட உங்களுக்கு உரிமை உண்டு, சரி. ஆனால் முதல் தீர்ப்புக்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையே போன நான்கு ஆண்டுகளுக்கு மேலான காலம் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குள் யாராவது பேசிக்கொண்டீர்களா?

ஈயத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உடம்புக்குள் போன ஈயம் ரத்தத்திலிருந்து சில வாரங்களில் குறையத் தொடங்கும். ஆனால் எலும்பிலும் பல்லிலும் பல பத்தாண்டுகள் தங்கும். ஒரு பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து மறுபடி ரத்தத்துக்கு வந்து வயிற்றுப் பிள்ளையைத் தொடும். அன்று ஓடையில் விளையாடிய சிறுமிகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். ஆகவே ஆலைதான் மூடியாகிவிட்டதே, இப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு குறைவாகத்தானே இருக்கிறது என்று யாராவது கணக்குச் சொன்னால் அதை ஏற்காதீர்கள். சிறு பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களுடையதைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். மூளைக்கு வந்த சேதத்தைச் சரிசெய்ய மருந்து கிடையாது. இந்த அளவுக்குள் இருந்தால் பயமில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஈயம் மண்ணில் மக்கிப் போகாது. மேல்மண்ணை வெட்டி எடுத்துப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தும்வரை அங்கேதான் கிடக்கும். அதன் மேல் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள், கோழி மேயும், கீரை முளைக்கும். பணத்தை மட்டும் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டால், அந்தப் பணத்தில் பாதி மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

ஒமிடோவுக்கு 2015-இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் பரிசும், 2023-இல் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும் கிடைத்தன. கென்யாவின் பெருமை என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். அவர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. கிலிஃபி மாவட்டத்தின் உயோம்போவில் அணுமின் நிலையம் வரக் கூடாது என்று போராடிய மக்களோடும் நின்றார். அங்கே கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. தடியடிதான் பதில் என்றால், ஓவினோ உஹுருவிலிருந்து நீங்கள் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் பங்கு இழப்பீடு வாடகை வீட்டில் இருந்தவர், இறந்தவரின் குடும்பம், ஊர் மாறிப் போனவர் உட்பட ஒருவர் விடாமல் சேர வேண்டும். அன்று குழந்தைகளாக இருந்தவர்களுக்கும் இனிப் பிறக்கப்போகும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அரசுச் செலவில் மருத்துவப் பரிசோதனை தொடர வேண்டும். மண்ணை எடுக்கும் வேலை எந்தத் தேதியில் தொடங்கும், எந்தத் தேதியில் முடியும், எடுத்த மண் எங்கே போகும் என்பதை ஸ்வாஹிலியில் எழுதி அந்தக் குடியிருப்பிலேயே ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் மண்ணில் மீதி எவ்வளவு ஈயம் இருக்கிறது என்ற அறிக்கையையும் அதே இடத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகி