குடியிருப்போர் நலச்சங்கம், சென்னை: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு 9 முறை கூடியது. கொடியேற்றம், பொங்கல் விழா, கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வடிகாலைத் தூர்வாரச் சொல்லி இரண்டு முறை மனு கொடுத்தோம். ஒரு பக்கம் மட்டும் தூர்வாரினார்கள்.

அடுத்து, நம் வீடுகளால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கெடுப்பு. "இது நமக்கு எதுக்கு?" என்று போன பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். அன்று நான் சரியாக விளக்கவில்லை. மாநகராட்சி 2023ல் வெளியிட்ட காலநிலைச் செயல் திட்டத்தின்படி, 2018-19ல் சென்னை வெளியேற்றிய கரியமில வாயு (மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களையும் அதற்குச் சமமாக மாற்றிச் சேர்த்து) சுமார் 1 கோடியே 44 லட்சம் டன். அதில் 71 சதவீதம் கட்டடங்களும் தொழிற்கூடங்களும் செலவழிக்கும் மின்சாரம், எரிபொருளால் வருவது. வண்டிகளின் பங்கு 16 சதவீதம்தான். 2050க்குள் இதை நிகர பூஜ்யம் ஆக்குவது, அதாவது வெளியேற்றுவதும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாக்குவது, இலக்கு. ஆனால் இதில் நம் தெருக்களின் பங்கு எவ்வளவு என்று யாரும் வந்து அளந்து சொல்லப் போவதில்லை.

அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், கரண்ட் பில் போதும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு என்றால் வருஷத்துக்கு 1.7 டன்னுக்குக் கொஞ்சம் கீழே. நாம் ஏசி போட, அத்திப்பட்டிலோ நெய்வேலியிலோ அனல்மின் நிலையத்தில் கரி எரிகிறது. புகை அங்கே போனாலும் கணக்கு நம் பேரில்தான். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, ஒரு கேஸ் சிலிண்டருக்குச் சுமார் 42 கிலோ. குப்பைதான் சிரமம். கிடங்கில் மக்கும் குப்பை பல வருஷம் மீத்தேன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், அதன் சூடேற்றும் திறன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு.

84 வீடுகளில் 49 வீடுகள் பில் கொடுத்தன. 35 வீடுகளுக்கு மூன்று முறை நேரில் போனேன். பெயர் சொல்ல விருப்பமில்லை; ஆனால் சந்தா பாக்கி வைத்திருக்கும் 22 வீடுகளும் இதில்தான் இருக்கின்றன. விட்டுப்போன வீடுகளுக்குச் சராசரியைப் போட்டுக்கொள்ளலாமே என்றார்கள். முடியாது. மூன்று நான்கு ஏசி உள்ள வீடுகள் பெரும்பாலும் இந்த 35லேயே இருக்கின்றன. சராசரி போட்டால் மொத்தம் குறைவாக வந்து, அதை நாமே நம்பிவிடுவோம்.

2030ல் எவ்வளவு இருக்கும் என்று தலைவர் கேட்டார். ஒரு வருஷக் கணக்கு என்பது ஒரு புள்ளி, அதை வைத்துக் கோடு போட முடியாது. நான்கைந்து வருஷப் பழைய பில்கள் வேண்டும். அதிலும் ஊரடங்கு ஆண்டான 2020-21ஐ அடிப்படையாக வைக்கக் கூடாது. ஏசி எவ்வளவு கூடும் என்று பார்ப்பது ஒரு பக்கம். காற்றாலையும் சோலாரும் கூடக்கூட ஒரு யூனிட்டின் 0.7 கிலோ எவ்வளவு இறங்கும் என்பதையும் சேர்த்துத்தான் கணிக்க வேண்டும். பில்லில் பெயரை மறைத்துக் கொடுத்தாலும் சரி, எனக்கு யூனிட் எண்ணிக்கை மட்டும் போதும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். காவலாளி சம்பளமும் மோட்டார் பழுதும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. கணக்கெடுப்புக்கான நகல் செலவு எதையும் சங்கக் கணக்கில் எழுதவில்லை.

செயற்குழுவினர், நன்கொடையாளர்கள், காவலாளி, துப்புரவுப் பணியாளர்கள் எல்லோருக்கும் நன்றி. எல்லா எண்களையும் எக்ஸெலில் ஏற்றித் தந்த மூன்றாவது தெருக் கல்லூரி மாணவிக்குத் தனி நன்றி. ஜூனில் அவர் வேலைக்குக் கோவை போகிறார். எனக்கு எக்ஸெல் வராது, இரவில் கண்ணும் தெளிவாகத் தெரிவதில்லை. அடுத்த ஆண்டு செயலாளர் யாராக இருந்தாலும் என் நோட்டுப் புத்தகங்களைக் கொடுத்துவிடுகிறேன். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர் கிடைத்தால் நானும் கூட உட்காருவேன்.

படிவங்கள் டீ மேசையில் இருக்கின்றன. அந்த 35 வீடுகளிலிருந்து இன்று ஆறு பேர் வந்திருக்கிறீர்கள்.

செயலாளர்