பக்திப் பாடம் சேர்ப்பது மட்டும் சிகிச்சை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மனச்சோர்வுக்கு இணையவழியில் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) எடுக்க நினைப்பவர்கள், சாமி பற்றிய பேச்சு அதில் இருக்கலாமா என்று தயங்குகிறார்கள். தாராளமாக இருக்கலாம். அமெரிக்காவில் ஹெரால்ட் கோனிக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட உடல்நோயோடு மனச்சோர்வும் இருந்த 132 பேருக்குப் பத்து அமர்வுகள் தந்தார்கள். சமயம் கலந்த பாடத்தை இந்து, இஸ்லாம் உட்பட ஐந்து சமயத்தாருக்கும் தனித்தனியே எழுதினார்கள். சமயம் கலந்த பிரிவிலும் கலக்காத பிரிவிலும் சோர்வு ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தது. ஆழ்ந்த பற்றுள்ளவர்களுக்கு மட்டும் முதல் வகை சற்றுக் கூடுதலாக உதவியது.

கோளாறு வருவது சமயத்தைச் சேர்க்கும் விதத்தில்தான். 'முன்வினை, நான் தேறவே மாட்டேன்' என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அது எப்போது வந்தது, அதை எவ்வளவு நம்புகிறோம் (நூற்றுக்கு 90 என்பதுபோல), அதற்குச் சாதகமான ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று முதலில் எழுத வேண்டும். எதிர்ப்பக்கத்தில், 'வினை தீர்ப்பவர் என்றுதானே பிள்ளையாரைக் கும்பிடுகிறேன்' என்று நோயாளி தானே எழுதினால் அது வேலை செய்யும். மீண்டும் மதிப்பெண் போடும்போது 90 என்பது 60 ஆனாலே நல்ல முன்னேற்றம். எழுத வைக்காமல் நேரே ஸ்லோகத்தையோ வசனத்தையோ நீட்டினால், எண்ணம் சோதிக்கப்படாமலே தங்கிவிடும். சோர்வு குறையாதபோது 'என் பக்தி போதவில்லை' என்ற புதுக் குற்ற உணர்வு வேறு சேர்ந்துகொள்ளும்.

முடங்கிக் கிடப்பவரைச் சிறுசிறு செயல்களில் இறக்கும் செயல்பாட்டுப் பயிற்சியும் அப்படித்தான். 'கோயிலுக்குப் போங்கள்' என்பது படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு மலை. 'மாலை 5 மணிக்குச் செருப்பை மாட்டித் தெருமுனைவரை' என்று நேரம் குறித்துத் தர வேண்டும்.

பாடத்தை மட்டும் செயலியில் ஏற்றிவிட்டு ஒதுங்கினால், பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். நோயாளி எழுதியதைப் பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் பத்துப் பதினைந்து நிமிடம் படித்துப் பதில் தந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். மனச்சோர்வை அளக்கும் பிஹெச்கியூ-9 கேள்விப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றே ஓர் ஆள் பேச வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத செயலிக்குப் பணம் கட்டாதீர்கள். மனநலம் பற்றிய ஒவ்வொரு செய்தியின் அடியிலும் அரசின் மனநல உதவி அழைப்பான 'டெலிமானஸ்' இலவச எண் 14416-ஐத் தாங்கள் அச்சிட வேண்டுகிறோம்.

— உளவியல் ஆலோசகர்கள் இருவர், திருச்சி